மஸ்கட்டிலிருந்து பணம் நின்றுவிட்டது: கேட்டு வாங்கலாமா?

மார்த்தாண்டம் அண்ணன்:
தங்கச்சியும் மச்சானும் பிரிந்து 2 வருஷம். அவர் மஸ்கட்டில் வெல்டர். 8 வயது மகள் எங்களோடு இருக்கிறாள். மாதம் 8,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. "பிள்ளையோட பேச விட மாட்டேங்கிறீங்க" என்று சொல்லி 6 மாதமாக நிறுத்திவிட்டார். கோர்ட்டுக்குப் போகலாமா?

குளச்சல்காரன்:
நான் கத்தாரிலிருந்து அனுப்புகிறவன். ஓர் அறையில் 6 பேர், அடுக்குக் கட்டில், அதில் படுத்து மிச்சம் பிடித்த காசு. மகன் முகத்தை வீடியோ காலில் பார்த்தே 4 மாதம் ஆகிறது. கூப்பிட்டால் டியூஷன், இல்லையென்றால் தூக்கம். பணம் மட்டும் ஒன்றாம் தேதி வந்துவிட வேண்டுமாம். உங்கள் மச்சான் செய்ததில் தப்பில்லை.

தக்கலை டீச்சர்:
உங்கள் வேதனை புரிகிறது அண்ணா. ஆனால் அதற்குப் பிள்ளை என்ன செய்யும்? என் வகுப்பில் ஒரு பையன், கால் வளர்ந்துவிட்டதால் போன வருஷ ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிப் போட்டு வருகிறான். அவனுக்கும் அப்பா வெளிநாட்டில்தான். பிள்ளையைப் பார்க்க விடவில்லையென்றால் தனியாக மனு போடலாம், 1890-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஜீவனாம்சம் வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144. எந்த மதத்துக்கும் பொருந்தும்.

குளச்சல்காரன்:
திடீரென்று வேலை போனால்? சம்பளமே வராதவன் எங்கிருந்து கட்டுவான்?

தக்கலை டீச்சர்:
நிலைமை மாறினால் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். 2020-இல் ரஜ்னேஷ், நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டு பேருக்கும்தான்: வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். உங்கள் கஷ்டமும் அதில் வரும். தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு, அதனால் தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வக்கீல் இலவசம். இலவச சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிடுங்கள்.

அருமனை ரப்பர்:
யார் அனுப்பினாலும் பேங்க் வழியாக அனுப்புங்கள். என் வீட்டுக்காரர் தன் அம்மா கையில் கொடுத்ததாகச் சொன்னார், எனக்கு வந்து சேரவில்லை. அதைப் பேசித் தீர்ப்பதிலேயே ஒரு வருஷம் போய்விட்டது.

மார்த்தாண்டம் அண்ணன்:
ராத்திரி தங்கச்சியிடம் கேட்டேன். கோபத்தில் போனை எடுக்காமல் இருந்தது உண்மைதான். இனி ஞாயிறுதோறும் பிள்ளையைப் பேச வைக்கிறோம். மனுவும் போடுகிறோம்.

குளச்சல்காரன்:
பேச வைத்தால் மனு எதற்கு? ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம் அண்ணன்:
6 மாதம் பொறுத்தாச்சு அண்ணே. ஸ்கூல் பீஸுக்கு அவள் கம்மலை அடகு வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை நாகர்கோவில் போகிறோம்.