என்ஜின்எக்ஸ்: /ஏபிஐ/ வழியாக வரும் படங்களுக்கு மட்டும் 404, ஏன்?

புதுவலை:
வணக்கம். எக்ஸ்பிரஸில் (நோட் ஜேஎஸ் ஃப்ரேம்வொர்க்) எழுதிய ஆப் 3000 போர்ட்டில் ஓடுகிறது, முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். /ஏபிஐ/ என்று தொடங்குவதெல்லாம் ஆப்புக்குப் போகட்டும் என்று கான்ஃபிக்கில் ஒரு லொகேஷன் ப்ளாக் (எந்தப் பாதைக்கு என்ன செய்வது என்ற விதி) எழுதி, அதில் ரிக்வெஸ்டை ஆப்புக்குக் கடத்தும் ப்ராக்ஸி பாஸ் வரியைக் கொடுத்திருக்கிறேன். ஜேசன் டேட்டா எல்லாம் ஒழுங்காக வருகிறது. ஆனால் ஆப் உடனுக்குடன் வரைந்து தரும் படங்கள், உதாரணமாக /ஏபிஐ/சார்ட்/5.பிஎன்ஜி, கேட்டால் 404. கர்ல் (பிரவுசர் இல்லாமல் கமாண்ட் லைனிலிருந்து கேட்கும் கருவி) வைத்து 3000 போர்ட்டில் நேரே கேட்டால் படம் வருகிறது. ஆப் லாகில் அந்த ரிக்வெஸ்ட் வந்த தடயமே இல்லை. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

நடுநிசி:
பிரவுசர் கேஷை அழித்துப் பார்த்தீர்களா?

புதுவலை:
கர்லிலும் அதே 404 தாங்க.

கட்டளைவரி:
ஆப் லாகில் இல்லையென்றால் 404 கொடுப்பது என்ஜின்எக்ஸேதான். எரர் லாகில் என்ன இருக்கிறது? பிஎன்ஜி, ஜேபிஜி என்று எக்ஸ்டென்ஷனைப் பார்த்துப் பிடிக்கும் ப்ளாக் வேறு எங்காவது இருக்கிறதா? என்ஜின்எக்ஸ் -டி என்று பெரிய டி போட்டு ஓட்டினால், இன்க்ளூட் ஆன ஃபைல்களோடு முழு கான்ஃபிக்கும் வரும்.

புதுவலை:
லாகில் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று இருக்கிறது. டிஸ்கில் ரூட் ஃபோல்டருக்குள் படத்தைத் தேடியிருக்கிறது! நீங்கள் சொன்ன மாதிரி ப்ளாக்கும் உண்டு: லொகேஷன் ~* \.(பிஎன்ஜி|ஜேபிஜி|சிஎஸ்எஸ்)$, எக்ஸ்பயர்ஸ் 30 நாள். ஆனால் அது கீழே இருக்கிறது, /ஏபிஐ/ மேலே. மேலே உள்ளதுதானே முதலில் பிடிக்க வேண்டும்?

கட்டளைவரி:
இல்லை, எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். = போட்ட லொகேஷன் அச்சாகப் பொருந்தினால் அங்கேயே முடிவு. இல்லாவிட்டால் சாதா ப்ரீஃபிக்ஸ்களில், அதாவது /ஏபிஐ/ போலப் பாதையின் தொடக்கத்தைப் பார்ப்பவற்றில், மிக நீளமாகப் பொருந்துவதைக் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். அதில் மேலே கீழே என்ற வரிசைக்கு வேலையே இல்லை. பிறகு ரெஜெக்ஸ் ப்ளாக்குகளை, அதாவது உங்கள் ~* ப்ளாக் போல எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்துபவற்றை, மேலிருந்து கீழாகப் பார்க்கும், முதலில் பொருந்துவதே ஜெயிக்கும். எதுவும் பொருந்தாவிட்டால்தான் குறித்து வைத்தது. உங்கள் /ஏபிஐ/ குறிப்பில் இருந்தது, ரெஜெக்ஸ் வந்து தட்டிப் பறித்துவிட்டது.

லொகேஷன் ^~ /ஏபிஐ/ என்று மாற்றுங்கள். பார்க்க ரெஜெக்ஸ் மாதிரி இருந்தாலும் ^~ ரெஜெக்ஸ் இல்லை. "இது நீளமான ப்ரீஃபிக்ஸாக வந்தால் ரெஜெக்ஸ் பக்கமே போகாதே" என்று பொருள். இந்தக் குறியைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ!

புதுவலை:
மாற்றி ரீலோட் செய்தேன். இப்போது ஜேசனும் சேர்ந்து போச்சு. "கேனாட் கெட் /சார்ட்/5.பிஎன்ஜி" என்கிறது.

கட்டளைவரி:
அது எக்ஸ்பிரஸ் சொல்லும் வாசகம். ஆக, ரிக்வெஸ்ட் ஆப்புக்குப் போய்விட்டது, /ஏபிஐ மட்டும் வழியில் கழன்றிருக்கிறது. ப்ராக்ஸி பாஸ் வரியிலும் கை வைத்தீர்களா? 3000-க்குப் பின்னால் ஸ்லாஷ் இருக்கிறதா பாருங்கள். ஸ்லாஷ் இருந்தால் லொகேஷனில் பொருந்திய பகுதியை வெட்டிவிட்டு அந்த ஸ்லாஷை வைக்கும். இல்லாவிட்டால் பாதையைத் தொடாமல் அப்படியே அனுப்பும்.

புதுவலை:
நேற்று ஏதோ ஒரு பதிலைப் பார்த்து ஸ்லாஷ் சேர்த்தேன், ரீலோட் செய்ய மறந்திருக்கிறேன்! இன்றைய ரீலோடில் அதுவும் சேர்ந்து வந்திருக்கிறது. எடுத்துவிட்டேன், படமும் ஜேசனும் வருகின்றன. ரொம்ப நன்றிங்க.

நடுநிசி:
என் கேஷ் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் :)