கனவை எழுதி வைப்பது சரி, அர்த்தம் பார்ப்பது சரியா?

செங்காந்தள்:
கனவு நினைவில் நிற்பதில்லை என்று இங்கே பலர் கேட்கிறார்கள். முழிப்பு வந்ததும் புரளாதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள். படுத்த வாக்கிலேயே கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு "இதற்கு முன்னால் எங்கே இருந்தேன்?" என்று பின்னோக்கிப் போங்கள். காட்சி எதுவும் அகப்படாவிட்டால் மிச்சமிருக்கும் உணர்ச்சியைப் பாருங்கள். பயமா, வெட்கமா, எதற்கோ நேரமாகிவிட்ட பதற்றமா? பல நேரம் அதன் பின்னாலேயே காட்சி வரும். அதற்கப்புறம்தான் நோட்டு. ஐந்தாறு சொற்கள் முதலில்: ஆள், இடம், பொருள். யாராவது பேசியிருந்தால் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். பத்து நிமிடம் கழித்து எழுதினால் அது உங்கள் சொந்த நடைக்கு மாறிவிடும். போனில் தட்டச்சு வேண்டாம். வெளிச்சமும் அறிவிப்புகளும் கனவைக் கலைத்துவிடும். கண்ணை மூடியபடியே குரல்பதிவு செய்யலாம்.

எதிர்ப்பக்கத்தில் நேற்றும் முந்தாநாளும் நடந்தவை. கனவில் வந்த ஒவ்வொரு பொருளுக்கும் நேராக "இது எனக்கு எதை நினைவூட்டுகிறது?" என்று ஒரு வரி. ஒரு மாதம் இப்படி எழுதினால் உங்களை எது அரிக்கிறது என்பது தெரியவரும். கனவுக்கு அர்த்தம் உண்டு.

கணக்குப்பிள்ளை:
முதல் பத்தியை ஏற்கிறேன். தகராறு எதிர்ப்பக்கத்தில்தான். எதைக் கொடுத்து "இது உனக்கு எதை நினைவூட்டுகிறது?" என்று கேட்டாலும் நாலாவது வரியில் மனிதன் தன் கவலைக்கு வந்துவிடுவான். நாளிதழில் கண்ணை மூடி விரல் வைத்த சொல்லைக் கொடுத்தாலும் அங்கேதான் போய் நிற்பான். கவலை உண்மை, அதைக் கனவுதான் சொன்னது என்பதற்கு என்ன சாட்சி? மூளை ஆய்வாளர்கள் ஹாப்சனும் மெக்கார்லியும் 1977-இல் சொன்னது இதுதான்: மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு கிளப்பும் ஒழுங்கற்ற தூண்டல்களை மேல்மூளை கதையாகக் கோக்கிறது. கோத்த கதைக்கு நீங்கள் உரை எழுதுகிறீர்கள்.

மார்கழி:
இரண்டு பேரும் பெரியவர்கள் சொன்னதை விட்டுவிட்டீர்களே. பிணத்தைக் கண்டால் நல்லது, கல்யாணத்தைக் கண்டால் ஆகாது, விடியற்காலைக் கனவு சீக்கிரம் பலிக்கும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துச் சொன்னதை ஒரே வரியில் தள்ள முடியாது.

கணக்குப்பிள்ளை:
விடியற்காலை விஷயத்தில் அவர்கள் கவனித்தது உண்மை, மார்கழி. சொன்ன காரணம்தான் வேறு. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கண்மணி வேகமாக அசையும் கட்டம் வரும். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் பதிவு செய்த ரெம் தூக்கம் அது. முன்னிரவில் சில நிமிடம்தான், விடியலை நெருங்க நெருங்க நீளும். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் நூற்றுக்குச் சுமார் 80 முறை கனவு கிடைக்கும். அதனால் ஊரில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது விடியற்காலைக் கனவு. நினைவில் நிற்பதுதானே பலித்ததாகச் சொல்லப்படும்? முதல் சாமத்துக் கனவு பலித்திருந்தாலும் சொல்வதற்கு ஆள் இல்லை.

செங்காந்தள்:
இது சரி. ஆனால் நீங்கள் சொன்ன 1977 கருத்தோடு நிறுத்தக் கூடாது. மூளைத்தண்டுக்குச் சேதம் இல்லாமல், முன்மூளையின் சில பகுதிகள் மட்டும் பழுதானவர்களுக்கும் கனவே நின்றுபோவதை நரம்பு உளவியலாளர் மார்க் சோல்ம்ஸ் காட்டினார். அந்தப் பகுதிகளில் ஒன்று ஆசையும் தேடலும் சார்ந்த பாதை. கனவு வெறும் இரைச்சல் என்றால் அந்தப் பாதை போனதும் கனவு ஏன் போக வேண்டும்?

மார்கழிக்கும் ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் சொல்லும் கனவில், கணவன் கைப்பிடித்து அழைத்துப்போன பெரிய ஊரில், ஊரார் தேளை எடுத்துப் போடுவதுபோல் அவள்மேல் பழி போடுகிறார்கள். தேளுக்கு என்ன பலன் என்று அங்கே யாரும் அட்டவணை பார்க்கவில்லை. கணவன் பிரிந்திருக்கும் பெண்ணின் நெஞ்சு கனவால் கலங்குகிறது என்றுதான் பேச்சே தொடங்குகிறது. யார் கண்டது, எந்த நிலையில் கண்டது என்பதை விட்டுவிட்டுப் பாம்புக்கு ஒரு பலன், பல்லுக்கு ஒரு பலன் என்று போடுவது நம் மரபின் சிறந்த பகுதி ஆகாது.

மார்கழி:
தேவந்தி பரிகாரமும் சொல்கிறாளே, இரண்டு குளங்களில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழச் சொல்லி. கனவை வருவதன் அறிகுறியாக எடுத்துக்கொண்டதால்தானே? கதையில் அது பலிக்கவும் செய்கிறது. உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

செங்காந்தள்:
அது நியாயமான மறுப்பு. காப்பியம் கனவை முன்னறிவிப்பாகவே நடத்துகிறது. நான் சொல்வது அட்டவணையைப் பற்றி மட்டும்.

கணக்குப்பிள்ளை:
வாதத்தை விடுங்கள், சோதித்துப் பார்க்கலாம். பத்துக் கனவுகளைத் தனித்தனித் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாளின் குறிப்பைக் கனவு வருவதற்கு முன்பே, அன்றிரவு படுக்கும் முன் எழுதிவிட வேண்டும். காலையில் எழுதினால் கனவு அதற்குள் கசிந்துவிடும். தேதி, கிழமை, ஆள் பெயர் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். இரண்டு கட்டுகளையும் கலைத்து, உங்களை அறியாத ஒருவரிடம் ஜோடி சேர்க்கக் கொடுங்கள். குருட்டாம்போக்கில் சேர்த்தால் சராசரியாக ஒன்று பொருந்தும். பத்து ஜோடியானாலும் இருபதானாலும் சராசரி அதே ஒன்றுதான். நாலைந்து பொருந்தினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

செங்காந்தள்:
முறை நல்லது, ஒரு ஓட்டை இருக்கிறது. பகலில் நடந்தது அன்றிரவே கனவில் வருவது ஒரு வகை. ஐந்தாறு நாள் தள்ளி மறுபடி தலைகாட்டுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. முந்தைய நாளோடு மட்டும் சேர்த்தால் இரண்டாவது வகை தப்பிவிடும். கனவுக்கு முந்தைய ஏழு நாள் குறிப்பை ஒரே கட்டாக வையுங்கள். வாரங்களை ஜோடி சேர்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
வாரமாக்கினால் பத்து ஜோடிக்குப் பத்து வாரம் ஆகும். ஆகட்டும். ஆனால் கனவைப் பொறுக்கி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் முதலில் கிடைத்த கனவு, அது எவ்வளவு சப்பென்று இருந்தாலும்.

இரவுப்பணி:
இடையில் வருகிறேன், இரண்டு விஷயத்துக்காக. ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருபவர்கள் அர்த்தம் தேடிக் காத்திருக்க வேண்டாம். பகலில் அதை எழுதி, எந்த இடத்திலாவது விருப்பப்படி மாற்றி, மாற்றிய வடிவத்தை மட்டும் தினம் 10 முதல் 20 நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். மிகக் கொடுமையான கனவை முதலில் எடுக்காதீர்கள், லேசானதில் தொடங்குங்கள். பழைய வடிவத்தையே ஓட்டுவதுதான் பலர் செய்யும் தப்பு. பெரிய விபத்தோ வன்முறையோ பின்னணியில் இருந்தால் மனநல மருத்துவர் துணையோடு செய்யுங்கள். புரோப்ரனலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரை தொடங்கிய பிறகு கெட்ட கனவு வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, 50 வயது தாண்டிய ஒருவர் தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கையை வீசி, உதைத்து, பக்கத்தில் படுத்தவரை அடித்தால் பலனும் பார்க்காதீர்கள், பரிகாரமும் தேடாதீர்கள். ரெம் தூக்கத்தில் தளர வேண்டிய தசை தளரவில்லை என்று பொருள். பார்கின்சன் நோய்க்குப் பல ஆண்டு முன்பே இப்படி வரக்கூடும். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கட்டிலருகே கண்ணாடிப் பொருள் எதுவும் வேண்டாம்.