ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை இயக்கினால் மல்டிகாஸ்ட் நின்றுபோவது ஏன்?

கேள்வி: ரௌட்டர் இல்லாத ஒரே விலானில் (ஸ்விட்சில் பிரித்த தனி வலையமைப்பில்) ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை (ஐஜிஎம்பி என்ற குழு உறுப்பினர் நெறிமுறைச் செய்திகளை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்கும் வசதியை) இயக்கியதும், கேமராவின் மல்டிகாஸ்ட் காட்சி (ஒரு குழுவில் சேர்ந்த பெறுநர்களுக்கு ஒருசேர அனுப்பப்படுவது) சில நிமிடங்கள் வந்து நின்றுவிடுகிறது, அணைத்தால் மீண்டும் வருகிறது. காரணம் என்ன?

பதில் 1: அங்கே குவெரியர் (குழுக்களில் யார் உள்ளனர் என்று அவ்வப்போது வினவும் சாதனம்) இல்லை என்றே தோன்றுகிறது. குவெரியர் இயல்பாக 125 நொடிக்கு ஒருமுறை அனுப்பும் வினவலுக்குப் பெறுநர்கள் தரும் உறுப்பினர் அறிக்கைகளை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டு, எந்தக் குழுவுக்கு எந்தப் போர்ட் என்று குறித்துக்கொள்கிறது. வினவல் இல்லையேல் அறிக்கையும் புதுப்பிக்கப்படாமல், ஏறத்தாழ 260 நொடிகளில் அப்பதிவு நீங்கிவிடும். ஸ்விட்சிலேயே குவெரியரை இயக்குங்கள். ஸ்னூப்பிங்கை அணைப்பது தீர்வன்று. காட்சி எல்லாப் போர்ட்டுகளிலும் வெள்ளமாய்ப் பாயும்.

பதில் 2: குவெரியருக்கு ஐபி முகவரி தர மறவாதீர்கள். மேலும், 224.0.0.0 முதல் 224.0.0.255 வரையிலான முகவரிகளை ஸ்விட்ச் வழக்கமாக எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பும் என்பதால், அவற்றை வைத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள்.

கேட்டவர்: குவெரியரை இயக்கினேன், காட்சி இப்போது இடையறாது வருகிறது.