புதுப்பிப்பு: ரை ஊருக்குப் போய் வந்தாச்சு

லண்டனிலிருந்து, இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருக்கும் ரை என்ற பழைய சிற்றூருக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா, அம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா, போய் வந்துவிட்டோம். செயின்ட் பாங்க்ராஸில் ரயிலேறி ஆஷ்ஃபோர்டில் மாறினால் போதும், ஒன்றேகால் மணி நேரம்தான்.

முழங்கால் விஷயத்தில் எச்சரித்தவர்கள் சொன்னது சரி. மெர்மெய்ட் தெரு முழுக்கக் கூழாங்கல், ஏற்றம் வேறு. அம்மா பாதியில் ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார், "படம் எடுத்தது போதும், காபி எங்கே?" என்றார்.

எனக்குப் பிடித்தது செயின்ட் மேரி தேவாலயம். 1377-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொளுத்திவிட்டு மணிகளையும் தூக்கிக்கொண்டு போக, அடுத்த வருஷமே ஊர்க்காரர்கள் பிரான்ஸின் நார்மண்டிக்குக் கப்பலேறிப் போய் மணிகளைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். கடிகாரம் பதினாறாம் நூற்றாண்டுக்காரர், இன்னும் ஓடுகிறார், அதன் நீண்ட ஊசல் தேவாலயத்துக்குள்ளேயே நம் தலைக்கு மேல் ஆடுகிறது. கோபுரத்துக்கு நான் மட்டும் ஏறினேன், வழி அவ்வளவு குறுகல். மேலே நின்றால்தான் புரிகிறது, ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்த ஊரை விட்டுக் கடல் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது, நடுவில் மேய்ச்சல் நிலமும் ஆடுகளும்தான்.

ஊரின் பழைய கோட்டையான ஈப்ர கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. கேம்பர் கடற்கரைக்கு நேரமில்லை.