பன்னாட்டு இளையோர் போட்டிகளில் பண்பாட்டு, கல்வி நிகழ்ச்சிகள்: பிள்ளைகளின் கவனம் சிதறுமா?

கேள்வி (காரைக்குடி)
அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு வயது பதினைந்து. மாநில அளவிலான வில்வித்தைப் போட்டிகளில் கலந்துகொண்டு வருகிறாள். இளையோர் ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் விளையாட்டோடு பண்பாட்டு, கல்வி நிகழ்ச்சிகளும் உண்டு என்று அவளுடைய பயிற்சியாளர் கூறினார். பல ஆண்டுகள் பாடுபட்டுத் தகுதி பெறும் பிள்ளைக்கு அங்கே இவற்றில் மனம் ஒட்டுமா, ஆட்டத்தில் கவனம் சிதறிவிடாதா என்று கவலையாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (சிங்கப்பூர், சொந்த ஊர் பள்ளத்தூர்)
ஐயா, 2010 ஆகஸ்டில் முதல் இளையோர் ஒலிம்பிக் இங்கே நடந்தபோது நான் பள்ளி மாணவி. வீரர்கள் தங்கிய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், பங்கேற்ற நாடுகளுக்கான பண்பாட்டு அரங்குகளைப் பள்ளி மாணவர்களே அமைத்து நடத்தினார்கள். ஒவ்வொருவர் கையிலும் 'யோகர்' என்ற சிறிய யுஎஸ்பி கருவி இருக்கும். இரண்டு கருவிகளை அருகருகே கொண்டுசென்று தொடர்பு விவரங்களை மாற்றிக்கொள்வார்கள். பேச்சைத் தொடங்கக் கூச்சப்பட்ட பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்தப் போட்டியில் வீரர்கள் இறுதி நாள் வரை தங்கியிருக்க வேண்டும் என்பது விதி. முதல் சுற்றிலேயே தோற்ற பிள்ளை அழுத கண்ணோடு மறுநாளே விமானம் ஏறாமல், மற்றவர்களோடு கலந்து பழகி மனம் தேறுவதற்கு இடம் கொடுத்தது என்பதாலேயே அவ்விதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மறுமொழி 2 (தேவகோட்டை, உடற்கல்வி ஆசிரியர்)
சகோதரி கூறியதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்நிகழ்ச்சிகளில் ஊக்கமருந்து பற்றிய விழிப்புணர்வும் காயத் தடுப்பும் முக்கிய இடம் பெறுகின்றன. நம் ஊரில் சளி பிடித்தால் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். அவற்றுள் சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபிட்ரின், போட்டிக் காலத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் விதிமீறலாகும். உடலில் கண்டறியப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பதைப் பதினைந்து வயதிலேயே புரிந்துகொள்வது பதக்கத்துக்குக் குறைந்த பயன் அன்று.

ஆட்டக்களத்திலும் இந்தக் கலந்து பழகுதல் உண்டு. 2018இல் புவனோஸ் ஐரிஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் நம் துப்பாக்கிச் சுடுதல் வீராங்கனை மனு பாக்கர் தனிநபர் தங்கத்தோடு, தஜிகிஸ்தான் வீரர் ஒருவருடன் பல நாட்டவர் சேரும் கலப்பு அணியில் வெள்ளியும் வென்றார். வில்வித்தையிலும் இத்தகைய அணிகள் இருந்துள்ளன. ஆனால் பிள்ளை இத்தனை நிகழ்ச்சிகளுக்குப் போயே தீர வேண்டும் என்று பெரியவர்கள் கணக்குப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். தன் போட்டி முடியும் வரை ஓரிரு சிறு நிகழ்ச்சிகள் போதும். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவாள் என்பதுதான் இப்போது மிஞ்சியிருக்கும் கவலை.

மறுமொழி 1
ஐயா, ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகள் எல்லா நாடுகளிலிருந்தும் வருவார்கள். உங்கள் வீட்டு ஆச்சியிடம் ஓலைக் கொட்டான் (சிறு கூடை) முடையக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு பேர் நடுவில் அமர்ந்து முடையத் தொடங்கினாலே அவர்களும் ஓலையை வாங்கிப் பார்ப்பார்கள். பேச்சு தானாக வரும்.