சுங்கை சிப்புட்: சிக்னல் நாலு கோடு காட்டுகிறது, ஊருக்குப் பேசினால் லைன் போய்விடுகிறது. உதவி தேவை

அறந்தாங்கி_தம்பி
வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு வந்திருக்கிறேன். வியாழக்கிழமை அப்பாவுக்கு ஊரில் ஆபரேஷன். அம்மா கையில் இருப்பது பட்டன் போன், வாட்ஸ்அப் கிடையாது. நான் சாதாரண காலில் கூப்பிட்டால் மேலே இருக்கும் 4ஜி காணாமல் போய் ‘ஈ’ என்று ஒரு எழுத்து வருகிறது. நெட் நின்றுவிடுகிறது. கொஞ்சம் பேசுவதற்குள் கட் ஆகிறது. போன் கடையில் கேட்டால், “வோல்ட்டி இல்லை, பேண்டு சேராது, எஃப்யூபி முடிந்திருக்கும், போனை மாற்று” என்கிறார். ஒன்றும் விளங்கவில்லை. புதுப் போன் வாங்கக் காசில்லை. எந்த சிம் நல்ல சிம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தாமான்_அக்கா
அப்பா நல்லபடியாக எழுந்து வருவார், கவலைப்படாதே தம்பி. நீ முதலில் ஊர் சிம்மைப் பார். அதை எங்கே வைத்திருக்கிறாய்? 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண்ணை எடுத்துவிட வாய்ப்பு உண்டு. பேங்க் ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தானே வரும்? ரோமிங் திறந்திருக்கிறதா என்று பார், ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்பும் நேரத்தில் ஓடிபி வரவில்லை என்றால் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும். என் தங்கச்சி வீட்டுக்காரர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

பழைய_பால்மரம்
நாங்கள் வந்த காலத்தில் இதெல்லாம் ஏது? டவுனில் ஒரு பொது டெலிபோன், கையில் ஒரு கார்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையில் நின்றால் மத்தியானம்தான் முறை வரும். பேச ஆரம்பித்ததும் கார்டில் காசு இறங்குவது திரையில் தெரியும். அம்மா குரலைக் கேட்பதா, அந்த எண்ணைப் பார்ப்பதா? அழுதுகொண்டே பேசியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பி, பிரீபெய்டை நம்பாதே, போஸ்ட்பெய்டு எடு. அதில்தான் லைன் நன்றாக வரும்.

ஷாஆலம்_வாசி
5ஜி போன் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும். இல்லாவிட்டால் ஸ்கைப் போட்டு அம்மா நம்பருக்கு நேராகக் கூப்பிடு, மலிவு.

மலையடிவாரம்
ஸ்கைப் 2025 மே மாதமே மூடியாகிவிட்டது. போஸ்ட்பெய்டும் பிரீபெய்டும் ஒரே டவர்தான் ஐயா, லைனில் வித்தியாசம் வராது. போஸ்ட்பெய்டு என்றால் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு டெபாசிட் கேட்பார்கள். 5ஜி போன் வாங்கினாலும் கால் பெரும்பாலும் 4ஜி வழியாகத்தான் போகும். ஷா ஆலம் நகரத்தில் இருந்துகொண்டு தோட்டப்புறத்துக்கு ஆலோசனை சொல்வது சுலபம். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) வாசல்படியில் நின்றால் லைன் உண்டு, அடுப்படிக்குப் போனால் கிடையாது. சுற்றிலும் செம்பனை.

ஷாஆலம்_வாசி
நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். உதவத்தான் சொன்னேன்.

கம்பார்_ராணி
இதைவிடக் கொடுமை, முதலாளிகள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது. பாஸ்போர்ட் இல்லாமல் பிள்ளைகள் எப்படித் தங்கள் பெயரில் சிம் எடுப்பார்கள்? போன ஆள் விட்டுப்போன சிம்மை அடுத்து வருகிறவன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அடுத்தவர் பாஸ்போர்ட்டை அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். யார் கேட்கிறார்கள்?

பழைய_பால்மரம்
‘அன்லிமிடெட்’ என்று போஸ்டரில் பெரிதாகப் போடுகிறார்கள். கீழே பொடி எழுத்தில் நூறு கட்டுப்பாடு. பத்து வெள்ளி (ரிங்கிட்) போட்டால் எப்போது தீர்ந்தது என்றே தெரிவதில்லை.

டவர்_வேலை
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள், தம்பிக்கு வியாழக்கிழமைக்குள் வழி வேண்டும். பேராக்கில் டவர் பராமரிப்பு வேலையில் இருந்தவன் நான். தம்பி, இரண்டு பிரச்சினை ஒன்றாகச் சேர்ந்து உன்னைக் குழப்புகிறது.

முதலாவது, 4ஜி போய் ‘ஈ’ வருவது. அந்த ‘ஈ’ பழைய 2ஜி. மலேசியாவில் 2021 கடைசியோடு 3ஜியை மூடிவிட்டார்கள், 2ஜியை விட்டுவைத்தார்கள். கால் 4ஜியிலேயே போவதற்குத்தான் வோல்ட்டி என்று பெயர். ஊரில் வாங்கிய போனில் வோல்ட்டி இருக்கும், ஆனால் இங்குள்ள கம்பெனிக்கு அது திறக்காமல் இருக்கலாம். அப்போது நீ டயல் செய்ததும் போன் 2ஜிக்கு இறங்கும், பேசி முடிக்கும்வரை நெட் நிற்கும். போன் பழுது இல்லை. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் வோல்ட்டி என்றோ 4ஜி காலிங் என்றோ இருந்தால் ஆன் செய். சாஃப்ட்வேர் அப்டேட் காத்திருந்தால் அதையும் போடு. கடையில் வைஃபை இருந்தால் ‘வைஃபை காலிங்’ இருக்கிறதா பார்.

இரண்டாவது, பேசும்போது கட் ஆவது. 2ஜிக்கு இறங்கினாலும் பேச்சு ஓடத்தான் வேண்டும். அதனால் எனக்குச் சந்தேகம் கிரெடிட் மேல், அதாவது சிம்மில் போட்டிருக்கும் காசு மேல். ‘அன்லிமிடெட் கால்’ என்பது மலேசியாவுக்குள் பேசுவதற்கு. 0091 போட்டு ஊருக்குப் பேசினால் ஐடிடி, அதாவது வெளிநாட்டுக் கால், அது டேட்டா கோட்டாவில் போகாது, மெயின் கிரெடிட்டில் கழியும். கிரெடிட் தீர்ந்தால் கட். ஐடிடி ரேட்டை உன் கம்பெனி ஆப்பில் பார், இந்தியாவுக்குத் தனி பேக் இருந்தால் அதை எடு.

எஃப்யூபி என்றால், குறிப்பிட்ட அளவு டேட்டா தீர்ந்ததும் வேகத்தைக் குறைப்பது. உன் காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேண்டு என்பது டவர் பேசும் அலைவரிசை. 900 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், 2600 வேகம் கொடுக்கும், ஆனால் மரக்கூட்டத்துக்குள் சீக்கிரம் செத்துவிடும். செம்பனை நடுவே அதனால்தான் லைன் ஏறி இறங்குகிறது. நாலு கோடு என்பது டவர் கேட்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம், கால் நிற்கும் என்பதற்கு இல்லை.

என்ன போன், எந்த சிம், யார் பெயரில், தங்குவது டவுனிலா தோட்டத்திலா? இதைச் சொல்லாமல் எந்த சிம் நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் ஒரு சோதனை: உன் சிம்மை இங்கே வாங்கிய ஒரு நண்பர் போனில் போட்டு ஒரு உள்ளூர் நம்பருக்குக் கூப்பிடு. 4ஜி நின்றால் பிரச்சினை உன் போனில். அங்கேயும் ‘ஈ’ வந்தால் டவரிலோ சிம்மிலோ.

அறந்தாங்கி_தம்பி
மன்னிக்கவும் அண்ணே, பதற்றத்தில் எதையும் சொல்லவில்லை. போன் ஊரில் வாங்கியது. தங்குவது டவுனுக்கு வெளியே, பழைய தோட்ட வீட்டில். சிம் முன்னால் வேலை செய்தவருடையது, அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆப்பில் பார்த்தேன், மெயின் கிரெடிட் 0.12 வெள்ளி. கடை அண்ணன் போனில் போட்டால் 4ஜி அப்படியே நிற்கிறது. என் போனில் வோல்ட்டி பட்டனே இல்லை. தங்கும் இடத்தில் சில சமயம் ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’ என்றும் வருகிறது.

டவர்_வேலை
அந்த வாசகம் நல்ல தகவல். உன் கம்பெனி லைன் அங்கே எட்டவில்லை, வேறொரு கம்பெனி டவர் எட்டுகிறது என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். பக்கத்து வீடுகளில் யார் போனில் லைன் நிற்கிறது, எந்த கம்பெனி என்று கேட்டுவிட்டு அதை எடு. செல்காம்டிஜி, மேக்சிஸ், யூ மொபைல் இவை சொந்த நெட்வொர்க் வைத்திருப்பவை. மலிவாக வரும் சின்ன பிராண்டுகள் பலவும் பெரிய கம்பெனிகளின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து ஓடுபவை, ஆகவே யாருடைய நெட்வொர்க் என்று கேட்டு வாங்கு. 012, 016 என்று நம்பரின் தொடக்கத்தைப் பார்த்து எந்த கம்பெனி என்று முடிவு செய்யாதே, 2008இல் இருந்து நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறலாம்.

தாமான்_அக்கா
வியாழனுக்கு இதைச் செய் தம்பி. ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் யார் இருக்கப்போகிறார்கள்? அவர்களிடம் வாட்ஸ்அப் உள்ள போன் இருந்தால் நேரம் பேசி வைத்துக்கொள். நீ கடை வைஃபையில் இருந்து பேசு. அவர்கள் வராவிட்டாலும் அம்மாவைக் கூப்பிட முடிகிற மாதிரி கிரெடிட் போட்டு வை.

கம்பார்_ராணி
புது சிம் உன் பெயரில் எடு. அசல் பாஸ்போர்ட் வேண்டும், முதலாளியிடம் சிம் பதிவுக்கு என்று சொல்லிக் கேள். நாளைக்குப் பேங்க் கணக்கு திறந்தாலும் உன் பெயரில் உள்ள எண்ணைக் கொடுப்பதுதான் நல்லது. பழைய சிம்மின் சொந்தக்காரர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் அதை நிறுத்திவிடலாம்.

அறந்தாங்கி_தம்பி
சித்தப்பா மகனிடம் நல்ல போன் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு அவன் வருகிறான். இன்றைக்குக் கிரெடிட் போட்டு அம்மாவிடம் பேசினேன், கட் ஆகவில்லை. பாஸ்போர்ட்டை நாளைக் காலை தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா என்ன சிம் வைத்திருக்கிறார் என்று இரவு கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.