கோத்தோன் தெ துலேயார்: வெண்ணிற வீட்டு நாயின் தோற்றமும் குணமும்

கேள்வி (ரோஸ் ஹில், மொரீஷியஸ்): வணக்கம். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட கோத்தோன் குட்டி ஒன்றை வாங்க எண்ணியுள்ளோம். வயதான அம்மாவும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்கு அதன் குணம் ஒத்துவருமா?

பதில் (கத்ர் போர்ன்): தாராளமாக ஒத்துவரும். பன்னாட்டு நாய்வளர்ப்புக் கூட்டமைப்பு 1970இல் ஏற்ற இவ்வினத்தில் ஆண் நாய் 26 முதல் 28 செ.மீ. உயரமும் 4 முதல் 6 கிலோ எடையும் கொண்டது. பஞ்சு போன்ற வெண்முடிக்கு நடுவே கருவிழிகள் பளிச்சென்று தெரியும், காதோரம் இலேசான சாம்பல் நிறம் இருந்தாலும் அது குறையன்று. மனிதரோடும் பிற நாய்களோடும் எளிதில் பழகும். தனியே விட்டால்தான் ஏங்கிப்போகும்.

பதில் (கியூர்பிப்): முடி அதிகம் கொட்டாது என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் உதிரும் முடி மேல்முடியிலேயே சிக்கிக்கொள்வதால், காதின் பின்புறத்தையும் முன்னங்கால் இடுக்கையும் தவறாமல் சீவாவிட்டால் சடைபிடித்துவிடும். காவலுக்கு இதை நம்பாதீர்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. அம்மா எந்நேரமும் வீட்டில் இருப்பதால் தனிமைக்கு இடமில்லை. சீவும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.